பிளான் கைக்கு வந்தபின் அதை யாரிடம் ஒப்படைப்பது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் வைத்துக்கொள்கிறேன். மெல்பர்னில் வசிக்கிறீர்கள். ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ள உங்கள் பதினைந்து வயது மகனுக்கு, நிரந்தர வதிவிட உரிமை கிடைத்த பிறகு விண்ணப்பித்து, என்டிஐஎஸ் எனப்படும் தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டத்தின் முதல் பிளான், அதாவது அவனுடைய சேவைகளுக்கு ஒதுக்கிய தொகையைச் சொல்லும் ஆவணம், மூன்று வாரங்களுக்கு முன்பு வந்திருக்கிறது. பணத்தை நீங்களே நிர்வகித்தால்தான் மிச்சமாகும் என்கிறார் உங்கள் மைத்துனர். தமிழ் பேசும் பணியாளர்களை வைத்திருக்கும் ஒரு நிறுவனமோ, ஒருங்கிணைப்பு, கணக்கு, பராமரிப்பு எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஒப்பந்தத்தை அனுப்பி, இந்த வாரமே கையெழுத்திடச் சொல்கிறது. எது நல்லது என்று கேட்கிறீர்கள். உங்கள் எழுத்தை இரண்டு முறை வாசித்தபோது எனக்குப் பட்டது வேறு: யாரை நம்பலாம், நம்பியவர் சரியாக நடக்காவிட்டால் என் கையில் என்ன அதிகாரம் மிஞ்சும் என்பதே உங்கள் உண்மையான கேள்வி. அதற்கே பதில் எழுதுகிறேன்.

குடும்பங்களுக்குப் பொருத்தமான சேவைகளைத் தேடி ஏற்பாடு செய்து தரும் சப்போர்ட் கோஆர்டினேட்டராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இன்று எந்தச் சேவை நிறுவனத்தையும் சார்ந்தவனல்ல. வழக்கறிஞனும் அல்ல, உங்கள் பிளானை நேரில் பார்த்தவனும் அல்ல. ஆகவே விதியில் உள்ளதை விதி என்றும், என் தீர்ப்பைத் தீர்ப்பு என்றும் பிரித்தே சொல்கிறேன்.

விதியில் தெளிவாக உள்ளவை முதலில். பிளானில் உள்ள பணத்தை நிர்வகிக்க மூன்று வழிகள் உண்டு. இந்தத் திட்டத்தை நடத்தும் அரசு அமைப்பான என்டிஐஏ தானே நேரடியாகச் சேவை நிறுவனங்களுக்குப் பணம் கொடுப்பது ஒன்று. அப்போது என்டிஐஎஸ் தர மற்றும் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களை மட்டுமே நீங்கள் பயன்படுத்த முடியும். பிளான் மேனேஜர் எனப்படும் கணக்கு நிறுவனம் உங்கள் சார்பில் இன்வாய்ஸ்களைச் சரிபார்த்துப் பணம் கட்டுவது இரண்டாவது. இதில் பதிவு பெறாதவர்களையும் பெரும்பாலான சேவைகளுக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசின் விலை உச்சவரம்பைத் தாண்டிக் கொடுக்க முடியாது. மூன்றாவது, நீங்களே நிர்வகிப்பது. இதில் பதிவு பெறாதவர்களை அமர்த்தலாம், உச்சவரம்புக்கு மேலும் கொடுக்கலாம், குறைத்தும் பேரம் பேசலாம், ஆனால் அதனால் பிளானின் மொத்தத் தொகை ஒரு காசும் உயராது. பலருக்குத் தெரியாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரே பிளானுக்குள் இந்த மூன்றையும் கலந்து வைத்துக்கொள்ள முடியும், பிளான் நடந்துகொண்டிருக்கும்போதே மாற்றச் சொல்லியும் கேட்கலாம். ஆகவே இன்று நீங்கள் எடுக்கும் முடிவு திரும்பப் பெற முடியாத முடிவல்ல.

உங்கள் மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தாமே நிர்வகிக்கும் குடும்பங்களுக்குச் சுதந்திரம் அதிகம். ஒரு பணியாளருடன் நேரடியாகப் பேசி, நிறுவனத்தின் மேற்செலவு இல்லாமல் அதே பணத்தில் கூடுதல் மணி நேரம் பெறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் சொல்லாமல் விட்ட பாதி, அதனுடன் வரும் பொறுப்பு. ஒவ்வொரு இன்வாய்ஸையும் ரசீதையும் ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பணியாளரை நீங்களே நேரடியாக வேலைக்கு அமர்த்தினால் நீங்கள் ஒரு முதலாளி: சம்பளத்தில் வரி பிடிக்க வேண்டும், 2025 ஜூலை முதல் 12 சதவீதமாக உள்ள சூப்பர் ஓய்வூதியத் தொகையைக் கட்ட வேண்டும், பணியிட விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும். 2024 அக்டோபர் 3 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்திற்குப் பிறகு, எது என்டிஐஎஸ் சேவை, எது அல்ல என்பது பட்டியலாகவே வகுக்கப்பட்டுவிட்டது; அல்லாததற்குச் செலவழித்த பணம் உங்கள் கடனாகத் திரும்பக் கேட்கப்படலாம். மளிகை, வாடகை, சுற்றுலாப் பயணம் போன்றவற்றில் பெரும்பாலானோருக்குக் குழப்பம் வராது. வீட்டு உபயோகப் பொருள்களிலும் பொழுதுபோக்கு வகுப்புகளிலும்தான் நல்லெண்ணத்தோடு செலவழித்தவர்களும் சிக்கிக்கொள்கிறார்கள். வரவுசெலவு எழுதும் பழக்கம் உள்ளவர், வாரத்தில் சில மணி நேரம் இதற்கென ஒதுக்கக்கூடியவர் என்றால் தாராளமாகச் செய்யலாம். முதல் பிளானிலேயே, நாட்டுக்கும் நடைமுறைக்கும் புதியவராக இருக்கும்போது, முழுவதையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்பது என் தீர்ப்பு.

பிளான் மேனேஜரைப் பற்றி உங்களுக்கு ஒரு தயக்கம் இருப்பது தெரிகிறது: அவருக்குக் கொடுக்கும் கட்டணம் மகனுக்கான பணத்தைத் தின்றுவிடாதா என்று. தின்னாது. 2025 ஜூலையின் விலைப் பட்டியலில் மாதம் 104.45 டாலர் என்றிருக்கும் அந்தக் கட்டணம் பிளானில் தனிப் பிரிவாக ஒதுக்கப்படுகிறது. நீங்கள் அதை வேண்டாமென்றாலும் அந்தத் தொகை சிகிச்சைக்கு மாறி வராது. பிளான் மேனேஜர்கள் அனைவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதும் விதி. ஆனால் ஒருவருக்கொருவர் தரத்தில் பெரிய வேறுபாடு உண்டு. தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி, ‘என் ஒப்புதல் இல்லாமல் ஒரு இன்வாய்ஸுக்காவது பணம் கட்டுவீர்களா?’ என்பதுதான். ‘ஒவ்வொன்றையும் உங்களுக்கு அனுப்பி, நீங்கள் சரி என்ற பிறகே கட்டுவோம்’ என்பவரைத் தேடுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் பலர் தாமாகவே கட்டிவிடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, விலையையும் கணக்கையும்தான் அவர்களால் பார்க்க முடியுமே தவிர, செவ்வாய்க்கிழமை பணியாளர் உண்மையிலேயே வீட்டுக்கு வந்தாரா என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

என்டிஐஏவே நிர்வகிக்கும் வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காகித வேலை மிகக் குறைவு, தேர்வும் குறைவு. உங்கள் பகுதியில் பதிவு பெற்ற நல்ல சிகிச்சையாளர் இருந்தால் அதுவே போதும்.

இனி அந்த நிறுவனத்தின் ஒப்பந்தம். என் பதிலில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: ஏற்பாடு செய்பவர், பணம் கட்டுபவர், சேவை தருபவர் ஆகிய மூவரும் ஒரே நிறுவனமாக இருக்க விடாதீர்கள். சப்போர்ட் கோஆர்டினேட்டரின் வேலை, உங்கள் மகனுக்கு எந்தச் சேவை பொருந்தும் என்று நாலு இடம் தேடி, விலை ஒப்பிட்டு, சரியில்லாத நிறுவனத்தை மாற்றச் சொல்வது. அவருக்குச் சம்பளம் கொடுப்பதே அந்த நிறுவனம் என்றால், ‘இவர்களை மாற்றுங்கள்’ என்று எந்த வாயால் சொல்வார்? பணம் கட்டுபவரும் அதே வீட்டைச் சேர்ந்தவர் என்றால், தவறான இன்வாய்ஸை யார் நிறுத்துவார்? இப்படி ஒரே கூரையின்கீழ் வைத்திருப்பது எல்லா நேரத்திலும் விதிமீறல் ஆகிவிடாது. ஆனால் நலன் முரண்பாட்டை வெளிப்படையாகச் சொல்லி, வேறு வழிகளையும் உங்கள் முன் வைக்க வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. அப்படிச் சொன்னார்களா என்று நினைத்துப் பாருங்கள். நல்ல நோக்கத்தோடு நடக்கும் நிறுவனங்களும் இந்த அமைப்பில் இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தும், அந்த நோக்கத்தை நம்பித்தான் ஆக வேண்டிய இடத்தில் ஒரு குடும்பம் நிற்கக் கூடாது. தமிழ் பேசும் பணியாளர் வேண்டுமென்றால் பராமரிப்புக்கு மட்டும் அவர்களை வைத்துக்கொண்டு, கணக்கை வெளியிலுள்ள பிளான் மேனேஜரிடம் கொடுங்கள். உங்கள் பிளானில் ஒருங்கிணைப்புக்கு நிதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதற்கு மூன்றாமவர் ஒருவரைத் தேடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வட்டாரத்துக்கான உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் தொடக்க வேலைகளில் உதவுவார், அதற்குக் கட்டணமில்லை.

கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது என்பதில் சற்று நேரம் செலவிடுகிறேன், ஏனெனில் பின்னாளில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன. முதலில் விலகும் விதி: எத்தனை நாள் முன்னறிவிப்பில் நீங்கள் வெளியேறலாம்? இரண்டு முதல் நான்கு வாரம் என்றிருப்பது வழக்கம். மூன்று மாதம் என்றோ, விலகினால் அபராதம் என்றோ இருந்தால் அதை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள். நியாயமற்ற ஒப்பந்த விதிகளை ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் கட்டுப்படுத்துகிறது, அது இந்தச் சேவைகளுக்கும் பொருந்தும். அடுத்து ரத்து விதி. மகனுக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் பணியாளரை வர வேண்டாம் என்றால், முழுக் கட்டணத்தையும் கேட்க விதி இடம் தருகிறது. பராமரிப்புப் பணியாளர் விஷயத்தில் ஏழு நாள் வரை முன்னறிவிப்பு எதிர்பார்க்கலாம். அந்த ஏழு நாளை நிறுவனம் கூட்ட முடியாதே தவிர, விரும்பினால் தளர்த்தலாம், ஆகவே கேட்டுப் பாருங்கள். மூன்றாவதாக, பணியாளரோ சிகிச்சையாளரோ உங்கள் மகனோடு இல்லாத நேரத்துக்கும் கட்டணம் உண்டா, உண்டென்றால் எதற்கு என்று எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று, நடந்து முடியாத சேவைக்கு முன்பணம் கேட்பது பொதுவாக அனுமதிக்கப்பட்டதல்ல. வெற்று டைம்ஷீட்டில் கையெழுத்து கேட்டால் அங்கேயே உறவை முடித்துக்கொள்ளலாம். சேர்ந்தால் டேப்லெட் இலவசம், கிஃப்ட் கார்டு தருகிறோம் என்று வருபவர்களிடம், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சை நேரத்துக்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும். பேச்சுச் சிகிச்சையாளருக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளருக்கும் 2025 ஜூலைப் பட்டியலில் மணிக்கு உச்சவரம்பு 193.99 டாலர். அறிக்கை எழுதுவதும், பள்ளி ஆசிரியரோடு தொலைபேசியில் பேசுவதும் இதே மணிக்கணக்கில்தான் வரும். அன்றாட வேலைகளை அவனால் எவ்வளவு செய்ய முடிகிறது என்று பார்க்கும் செயல்திறன் மதிப்பீடு ஒன்றுக்குப் பத்து மணி நேரம் ஆயிற்று என்றால் 1,939.90 டாலர் போய்விட்டது. சிகிச்சையாளர் வீட்டுக்கு வந்தால், அதே 2025 ஜூலை முதல் பயண நேரத்துக்குப் பாதி விகிதம். நகர்ப்புறத்தில் ஒரு வழிக்கு அரை மணி நேரம் வரை கேட்கலாம். அரை மணிக்கு ஏறத்தாழ 48.50 டாலர், போகவர 97 டாலர். நான்கு முறை வந்துபோனால் இரண்டு மணி நேரச் சிகிச்சைக்கான பணம் சாலையிலேயே கரைந்துவிடும். வீட்டுக்கு வருவது வீண் என்று சொல்லவில்லை. குளிப்பது, உடுத்துவது போன்ற பழக்கங்களை வீட்டில் பார்த்தால்தான் கற்றுக்கொடுக்க முடியும். முதல் சில முறை வீட்டில், பிறகு நீங்கள் அழைத்துப்போவது என்று பேசி முடிவு செய்யலாம். பராமரிப்புப் பணியாளர் விஷயத்திலும் கிழமை முக்கியம்: ஞாயிற்றுக்கிழமை விகிதம் வாரநாள் பகல் விகிதத்தைவிட முக்கால் பங்குக்கும் மேல் கூடுதல். ஞாயிறு வெளியே அழைத்துப்போக வேண்டியதை வியாழன் மாலைக்கு மாற்ற முடிந்தால் அதே பணத்தில் நேரம் கூடும்.

பணியாளர் நல்லவரா என்பதைக் காகிதம் முழுவதும் சொல்லாது, ஆனால் சிலவற்றைச் சொல்லும். பதிவு பெற்ற நிறுவனங்களில் மகனோடு நேரடியாகப் பழகும் பணியாளர்கள் என்டிஐஎஸ் பணியாளர் பின்னணிச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். அந்த அனுமதி ஐந்து ஆண்டுகள் செல்லும். பதிவு பெறாதவரை அமர்த்தினால் அதே சான்றை நீங்கள் கேட்டு வாங்கலாம், கேளுங்கள். தர மற்றும் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலும், தடை விதிக்கப்பட்டவர்களின் விவரமும் பொதுவாகப் பார்க்கக் கிடைக்கின்றன. ஐந்து நிமிட வேலை. 2018 ஜூலையில் தொடங்கப்பட்ட அந்த ஆணையத்தின் நடத்தை விதிகள் பதிவு பெறாதவர்களையும் கட்டுப்படுத்தும், அவர்கள்மேலும் 1800 035 544 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். ஆங்கிலம் தடை என்றால் 131 450 என்ற தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் மூலம் என்டிஐஏவோடு பேசலாம். அதற்குப் பணம் கிடையாது. தமிழ் பேசுகிறார் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். உங்கள் மகன் சொற்களைவிடப் படங்களால் அதிகம் பேசுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் படங்களைக் கொண்டு உரையாடப் பழகிய பணியாளர், தமிழ் தெரியாவிட்டாலும், அவனுக்கு நெருக்கமானவராகலாம். தமிழ் தேவைப்படுவது அவனுக்கா உங்களுக்கா என்பதை நேர்மையாகப் பிரித்துப் பாருங்கள். உங்களுக்குத்தான் என்றாலும் அது நியாயமான தேவையே, ஆனால் அதற்கு வேறு வழிகள் உண்டு.

வீட்டில் நீங்களே பார்த்துக்கொள்வதற்கு இந்தப் பணத்திலிருந்து ஊதியம் எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தினருக்கு ஊதியம் கொடுப்பதை என்டிஐஏ மிக அரிதான சூழ்நிலைகளில் மட்டுமே, அதுவும் முன்கூட்டியே கேட்டால்தான் பரிசீலிக்கிறது. கேட்காமல் சித்தப்பா பெயரில் இன்வாய்ஸ் எழுதும் யோசனையை யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பராமரிப்பாளருக்கான உதவித்தொகைகள் அரசின் உதவித்தொகைகளை வழங்கும் சென்டர்லிங்க் வழியாகத் தனியே வருகின்றன; அவற்றுக்கான தகுதியை அங்கே கேளுங்கள். உங்கள் மகனுக்குப் பதினாறு ஆகும்போது மாற்றுத்திறனாளிகளுக்கான ஓய்வூதியத்துக்கும் அவன் பெயரில் விண்ணப்பிக்கலாம். என்டிஐஎஸ் பணம் வருமானமாகக் கருதப்படாது, ஆகவே ஒன்று மற்றொன்றைக் குறைக்காது. பதினெட்டு வயதானதும் தாய் என்ற முறையில் மட்டும் அவன் பிளானில் முடிவெடுக்கும் உரிமை உங்களுக்குத் தானாகத் தொடராது. அவன் சார்பில் நியமிக்கப்பட்டவராக நீங்கள் ஆக வேண்டியிருக்கும். அந்தப் பேச்சைப் பதினேழு வயதிலேயே தொடங்கிவிடுங்கள்.

செலவின் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 மே மாதத்திலிருந்து புதிய பிளான்களில் பணம் ஒரே தவணையாக அல்லாமல், பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தவணையாக விடுவிக்கப்படுகிறது. ஒரு தவணையில் மீந்தது அதே பிளானின் அடுத்த தவணைக்குச் செல்லும். பிளான் முடிந்தால் மீந்தது போய்விடும். இது உறுதி. மீதம் வைத்தால் அடுத்த பிளானில் வெட்டிவிடுவார்கள் என்று எல்லாரும் சொல்வது அவ்வளவு உறுதியானதல்ல. செலவழிக்காத பணம் தேவையில்லாத பணம் என்று அதிகாரி முடிவுக்கு வரக்கூடும். ஆனால் சிகிச்சையாளரிடம் இடம் கிடைக்க ஐந்து மாதம் காத்திருந்தோம் என்பதற்கான மின்னஞ்சல்களை வைத்திருந்த குடும்பங்கள் தொகையைத் தக்கவைத்துக்கொண்டதையும் கண்டிருக்கிறேன். பணத்தைக் கரைப்பதற்காகத் தேவையில்லாத மணிகளை வாங்குவதைவிட, ஏன் மீந்தது என்பதற்குச் சான்று சேர்ப்பதே மேல் என்பது என் கருத்து. வேறு சிலர் மாறுபடுவார்கள்.

எல்லாவற்றையும் கூட்டி உங்கள் நிலைக்கு நான் சொல்வது இது: முதல் ஆண்டு சிகிச்சையையும் பராமரிப்பையும் வெளியிலுள்ள ஒரு பிளான் மேனேஜரிடம் வையுங்கள். அன்றாடச் சிறு பொருள்களுக்கான தொகையை மட்டும், ஒரு தனி வங்கிக் கணக்கில், நீங்களே நிர்வகித்துப் பழகுங்கள். அது கைவந்துவிட்டால் மைத்துனர் சொன்ன வழிக்கு அடுத்த பிளானில் போகலாம். அந்த நிறுவனத்துக்கு இந்த வாரம் கையெழுத்து வேண்டாம். விலை, ரத்து, பயணம், விலகல் ஆகிய நான்கையும் தெளிவாக எழுதி மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள், அவசரப்படுத்தினால் அந்த அவசரமே உங்களுக்கு ஒரு தகவல். இதைவிட உண்மையான கெடு ஒன்று உங்களுக்கு இருக்கிறது. பிளானில் ஒதுக்கிய தொகை மகனின் தேவைக்குப் போதாது என்று தோன்றினால், முடிவு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் என்டிஐஏவிடம் உள்மறுபரிசீலனை கேட்க வேண்டும், அதிலும் திருப்தியில்லை என்றால் அந்தப் பதில் கிடைத்த 28 நாட்களுக்குள் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். உங்களுக்கு மூன்று வாரம் கழிந்துவிட்டது, ஆகவே தொகை போதாது என்பதற்குச் சான்றாக, சிகிச்சையாளரிடம் மதிப்பீட்டுக்கு நாள் வாங்குவதை ஒப்பந்தத்துக்கு முன்பே செய்யுங்கள்.